கனால் து மிதியில் ஒரு வாரம்: முதல்முறை ஓட்டுபவர்கள் எங்கே தொடங்கலாம்?

செங்கால்நாரை கேட்டது:

செப்டம்பரில் ஒரு வாரம் பிரான்ஸ் கிராமப்புறத்தை நீர்வழியே பார்க்க எண்ணம். ஆறு பேர், அதில் இருவர் எழுபதைத் தாண்டியவர்கள். யாருக்கும் படகு ஓட்டிப் பழக்கமில்லை. ரோன் ஆற்றில் போகும் பெரிய கப்பலா, தென்பிரான்சின் கனால் து மிதி கால்வாயில் நாமே ஓட்டும் வாடகைப் படகா என்று முடிவு செய்ய முடியவில்லை. படகுக்கு உரிமம் வேண்டுமா? ஒரு வாரத்தில் துலூஸிலிருந்து கடல்வரை போக முடியுமா? லாக் (நீர்மட்டத்தைக் கூட்டிக் குறைத்துப் படகை ஏற்றி இறக்கும் கதவுள்ள அறை) கடப்பது பெரியவர்களுக்குச் சிரமமாக இருக்குமா?

மடைக்காவலன்:

உரிமம் வேண்டாம். வாடகை நிறுவனமே ஒரு மணிநேரம்போலக் கற்றுக்கொடுத்து, அந்தப் பயணத்துக்கு மட்டும் செல்லும் தற்காலிக அட்டை தரும். அந்தப் பாடத்துக்கு ஓட்டப்போகும் இருவராவது நிற்கட்டும். ஒருவர் மட்டும் கற்றுக்கொண்டால் வாரம் முழுக்க அவரால் ஸ்டியரிங்கை விட முடியாது.

துலூஸிலிருந்து கடல்வரை என்பதை விட்டுவிடுங்கள். 240 கி.மீ. தூரமும், வழியில் அறுபதுக்கும் மேற்பட்ட இடங்களில் லாக்கும் உண்டு. கால்வாய்ப் பயணத்தைக் கிலோமீட்டரில் கணக்கிடக் கூடாது, லாக்கில் கணக்கிட வேண்டும். வேக வரம்பு மணிக்கு 8 கி.மீ., நடைமுறையில் 6 கிடைக்கும். ஒவ்வொரு லாக்குக்கும் காத்திருப்பு இல்லாமலே கால் மணிநேரம் வையுங்கள். மதிய உணவு வேளையில் லாக் மூடுவார்கள், மாலை ஏழுக்கெல்லாம் நாள் முடிந்துவிடும். வாடகைப் படகு இரவில் ஓடக்கூடாது.

உங்களுக்கு ஏற்ற பகுதி ஆர்ஜான் முதல் பெசியே நகர விளிம்பிலுள்ள ஃபோன்செரான் வரை. 54 கி.மீ. தூரத்துக்கு ஒரு லாக்கூடக் கிடையாது. போய்த் திரும்ப 108 கி.மீ., அதாவது 18 மணிநேர ஓட்டம். ஆறு நாளில் பிரித்தால் நாளுக்கு மூன்று மணிநேரம்தான். மீதி நேரம் வான்தனாக், லு சொமாய், கபெஸ்தான், புவாலே என்று ஊர் ஊராக இறங்கி நடக்கலாம். ஆர்ஜானிலோ லு சொமாயிலோ படகு எடுங்கள்.

இதோடு ஒப்பிட, பர்கண்டி கால்வாய் 242 கி.மீ., லாக் 189. அழகான வழிதான், ஆனால் முதல்முறை வருபவர்களுக்கு அல்ல.

இரட்டைக்கயிறு:

மேலே சொன்னதோடு உடன்படுகிறேன். இருந்தாலும் லாக் முறையைத் தெரிந்துகொண்டு வாருங்கள். நார்போன் நகருக்குப் பிரியும் கிளைக் கால்வாய்க்குள் ஆசைப்பட்டு நுழைந்தால் முதல் 5 கி.மீ.யிலேயே ஏழு லாக் வரும்.

மேலேறும்போது: லாக்குக்கு முன்னால் உள்ள இறங்குதுறையில் ஒருவரை இறக்கிவிடுங்கள். அவர் நடந்து மேலே போய் நிற்பார். படகு காலியான லாக்குக்குள் ஆழத்தில் நுழைந்ததும் இரண்டு கயிறுகளையும் அவரிடம் வீச வேண்டும். அவர் கட்டுக்கம்பத்தைச் சுற்றிக் கயிற்று நுனியைப் படகுக்கே திருப்பிப் போடுவார். முன்கயிறுதான் முக்கியம். மேல்கதவின் மடை திறந்ததும் தண்ணீர் முன்னாலிருந்து சீறி வந்து படகின் முகத்தைத் திருப்பப் பார்க்கும். படகு உயர உயரத் தொய்வை இழுத்துக்கொண்டே இருங்கள்.

இந்தக் கால்வாயின் பழைய லாக்குகள் முட்டை வடிவில் இருப்பதால் இது இன்னும் அவசியம். பதினேழாம் நூற்றாண்டில் இந்தக் கால்வாயை அமைத்த ரிக்கே முதலில் நேர்ச்சுவர் வைத்தார். மண்ணின் அழுத்தத்தில் சுவர் சரிந்தது. அதனால் வளைத்துக் கட்டினார்கள். சுவர் நின்றது, ஆனால் நடுவில் அகலம் கூடியதால் கயிறு தளர்ந்தால் படகு குறுக்காகத் திரும்பிவிடும்.

கீழிறங்கும்போது தண்ணீர் அமைதியாகத்தான் போகும், ஆபத்து வேறு. கயிற்றை ஒருபோதும் முடிச்சுப் போட்டுக் கட்டாதீர்கள். நீர் இறங்க இறங்கக் கட்டிய கயிற்றில் படகு தொங்கிவிடும். கைக்கு எட்டும் இடத்தில் ஒரு கத்தி இருக்கட்டும். இன்னொன்று, மேல்கதவுக்கு அடியில் ஒரு கல்திண்டு நீட்டிக்கொண்டிருக்கும். படகின் பின்பக்கம் அதன்மேல் உட்கார்ந்துவிட்டால் முன்பக்கம் மட்டும் இறங்கிக் கவிழப் பார்க்கும். எனவே முன்னால் தள்ளி நிறுத்துங்கள்.

சுவரைக் கையாலோ காலாலோ தள்ளாதீர்கள். பல டன் எடை. படகின் பக்கத்தில் தொங்கும் ஃபெண்டர் மெத்தைகள் இருப்பதே இடி வாங்கத்தான். பெரியவர்கள் இந்த நேரத்தில் உள்ளே உட்கார்ந்திருப்பது நல்லது.

பழையதுறை:

ரோன் கப்பலைப் பற்றி ஒருவரும் சொல்லவில்லையே. முழங்கால் வலி உள்ளவர்கள் இருந்தால் கப்பலைத் தள்ளிவிடாதீர்கள். லியோன், வியென், அவின்யோன், ஆர்ல் எல்லாம் துறையிலிருந்து நடந்தோ பேருந்திலோ பார்க்கலாம். பொல்லேன் லாக் ஒன்றே படகை 23 மீட்டர் அளவுக்கு ஏற்றி இறக்கும், அதைப் பார்க்கவே மேல்தளத்துக்குப் போக வேண்டும்.

பதிவு செய்யும் முன் மூன்று கேள்வி கேளுங்கள். லிஃப்ட் கடைசித் தளம்வரை இறங்குமா? பல கப்பல்களில் இறங்காது. உங்கள் அறை கீழ்த்தளமா? அங்கே ஜன்னல் நீர்மட்டத்தை ஒட்டி இருக்கும், திறக்க முடியாது. வெள்ளம் வந்து பாலத்துக்கடியில் கப்பல் நுழைய முடியாமல் போனால் என்ன ஏற்பாடு? பெரும்பாலும் பேருந்துதான். பால்கனிக்குக் கூடுதல் பணம் கொடுத்தாலும், துறையில் கப்பல்களைப் பக்கம் பக்கமாகக் கட்டும்போது எதிரே தெரிவது அடுத்த கப்பலின் ஜன்னல்.

ஆனால் கிராமம் வேண்டும் என்றால் கப்பல் கொடுக்காது. பிரான்சின் பெரும்பாலான கால்வாய் லாக்குகள் ஏறத்தாழ 39 மீட்டர் நீளம், 5.2 மீட்டர் அகலம். 110 மீட்டர் கப்பலுக்கு அங்கே இடமே இல்லை. நடுவழி ஒன்று உண்டு: பெனீஷ் எனும் பழைய சரக்குப் படகை மாற்றிய ஓட்டல் படகு. சமையலும் ஓட்டுவதும் அவர்கள் பொறுப்பு. விலை அதிகம்.

செங்கால்நாரை:

அப்படியானால் ஆர்ஜானிலிருந்து படகுதான். எங்கே வேண்டுமானாலும் கட்டி நிறுத்தலாமா? தண்ணீர், டீசல், கழிவறை எப்படி?

மடைக்காவலன்:

கரையில் ஆப்பு அடித்துக் கட்டலாம். ஆப்பும் சுத்தியலும் படகிலேயே இருக்கும். வளைவிலும், பாலத்தடியிலும், லாக் வாசலிலும் மட்டும் கூடாது. மரத்தில் கட்டவே கூடாது. கரையோரப் பிளாட்டான் மரங்களை ஒரு பூஞ்சை நோய் கொன்றுவருகிறது. 2006இல் இந்தக் கால்வாயில் கண்டறிந்தார்கள். பட்டையிலும் வேரிலும் உண்டாகும் காயம் வழியாகத்தான் அது நுழைகிறது, கயிறு உரசினாலும் காயமே. ஆயிரக்கணக்கான மரங்களை வெட்டியாயிற்று. நிழல் இல்லாத நீண்ட வெட்டவெளிகள் அதனால் வந்தவை, ஆகவே தொப்பி எடுத்துக்கொள்ளுங்கள். நடைபாதைக்குக் குறுக்கே கயிறு போடாதீர்கள், சைக்கிள்காரர்கள் விழுவார்கள்.

ஆறு பேருக்குத் தண்ணீர்த் தொட்டியை இரண்டு நாளுக்கு ஒருமுறை நிரப்புங்கள், குழாய் கண்ட துறையில் விடாதீர்கள். டீசலுக்குப் பெரும்பாலும் என்ஜின் ஓடிய மணிக்கணக்கில் பணம் எடுப்பார்கள், அதனால் நிறுத்தியபின் சும்மா ஓடவிடாதீர்கள். கழிவறையில் காகிதத்தைக்கூடக் குறைவாகப் போடுங்கள். ஒரே ஒரு ஈரத்துடைப்பான் விழுந்தாலே பம்ப் அடைத்துவிடும்.

இரட்டைக்கயிறு:

இரண்டு சிறு விஷயம். ஸ்டியரிங் திருப்பினால் திரும்புவது படகின் பின்பக்கம். அதனால் கரையை விட்டு வெளியேறும்போது பின்பக்கம் கரையில் இடிக்கும். ரிவர்ஸில் ஸ்டியரிங் ஏறத்தாழ வேலை செய்யாது. வடமேற்கிலிருந்து த்ராமோந்தான் காற்று வீசும் நாளில், தட்டையான அடிப்பாகமுள்ள இந்தப் படகுகள் இலைபோல ஒதுங்கும். பலமாக அடித்தால் ஒரு நாள் ஓட்டாமல் இருங்கள்.

வழியில் வரும் மால்பாஸ் சுரங்கத்துக்குள் ஒரு நேரத்தில் ஒரு படகுதான் போகலாம். ஹாரன் அடித்து, எதிரே யாருமில்லை என்று பார்த்து, விளக்கைப் போட்டு நுழையுங்கள். ஃபோன்செரான் படிக்கட்டு லாக்கில் இறங்க வேண்டியதில்லை. மேலே போகும் படகுகளுக்கும் கீழே வருபவற்றுக்கும் தனித்தனி நேரம், காத்திருப்பிலேயே பாதிநாள் போகலாம். கொலொம்பியே துறையில் படகைக் கட்டிவிட்டு டாக்சியில் போய், 21 மீட்டர் உயரத்துக்குப் படகுகள் அறை அறையாக ஏறுவதைக் கரையில் நின்று பாருங்கள்.