விண்டோஸ் 11-க்குள் எக்ஸ்பி: பழைய பேஜ்மேக்கர் பஞ்சாங்கக் கோப்புகளுக்கு மெய்நிகர் கணினி உதவுமா?

அச்சுமனை (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். எங்கள் அச்சகத்தில் ஆண்டுதோறும் ஒரு வாக்கியப் பஞ்சாங்கம் அச்சாகிறது. அழைப்பிதழ், துண்டறிக்கை, கோயில் மலர் போன்ற மற்ற வேலைகள் எல்லாம் யூனிகோடுக்கும் இன்டிசைனுக்கும் மாறிப் பல ஆண்டுகள் ஆகின்றன. பஞ்சாங்கம் மட்டும் இன்னும் பேஜ்மேக்கர் 7.0 என்ற பழைய பக்க வடிவமைப்பு மென்பொருளில்தான் இருக்கிறது. முந்தைய ஆண்டின் கோப்பை நகலெடுத்து, திதி, நட்சத்திரம், யோகம், கரணம் ஆகியவற்றின் நாழிகை விநாடிகளை மாற்றி, பண்டிகைகளைச் சேர்த்து அச்சுக்கு அனுப்புவது வழக்கம். கட்டங்களின் அகலம் அந்த எழுத்துருவுக்கு ஏற்ப அமைக்கப்பட்டது என்பதால் வேறு எழுத்துருவைப் போட்டால் பக்கமே குலைந்துவிடும்.

இந்த வேலைக்காகவே வைத்திருந்த விண்டோஸ் எக்ஸ்பி கணினியின் மதர்போர்டில் கெப்பாசிட்டர்கள் உப்பிவிட்டன. இப்போதைக்கு ஓடுகிறது; எத்தனை நாள் ஓடும் என்று பழுதுபார்ப்பவரால் சொல்ல முடியவில்லை. புதிதாக வாங்கியது 16 ஜிபி ரேம் உள்ள, இன்டெல் ஐ5 செயலியில் இயங்கும் விண்டோஸ் 11 கணினி. அதற்குள் மெய்நிகர் கணினி (மென்பொருளால் உருவாகும் தனிக் கணினி) ஒன்றை அமைத்து எக்ஸ்பியை ஓட்டலாம் என்று நண்பர் ஒருவர் கூறினார். வேகம் குறையுமா, பழைய தட்டச்சு முறை விசைப்பலகை அதற்குள் சரியாக வேலை செய்யுமா, எழுத்துரு மென்பொருளுடன் உரிமப் பூட்டாக வந்த யூஎஸ்பி டாங்கிளை உள்ளே இருக்கும் எக்ஸ்பி அடையாளம் காணுமா என்பவையே என் ஐயங்கள். பாதுகாப்பு பற்றியும் யாரேனும் சொன்னால் நல்லது.

---

சர்வர்அறை

ஐயா, தாராளமாகச் செய்யலாம். இத்தகைய தேவைக்கு இதைவிடப் பொருத்தமான வழி இல்லை என்றே கூறுவேன்.

முதலில் வேகம். மெய்நிகர் கணினி என்றதும் ஒவ்வொரு கட்டளையையும் மென்பொருள் ஒன்று மொழிபெயர்த்துக்கொண்டிருக்கும், ஆகவே எல்லாம் மெதுவாகும் என்று பலர் எண்ணுகின்றனர். இன்டெல் நிறுவனம் 2005-லும் ஏஎம்டி நிறுவனம் 2006-லும் தங்கள் செயலிகளிலேயே இதற்கான வசதியைச் சேர்த்துவிட்டன. உள்ளே இருக்கும் எக்ஸ்பியின் கட்டளைகளில் மிகப் பெரும்பாலானவை உங்கள் ஐ5 செயலியில் நேரடியாகவே ஓடும். வன்பொருளைத் தொட முயலும் சில கட்டளைகளை மட்டுமே மெய்நிகராக்க மென்பொருள் இடைமறித்துக் கையாளும். பேஜ்மேக்கர் 7.0 வெளிவந்தது 2001-இல். அக்காலத்துக் கணினிகளோடு ஒப்பிட்டால் இதில் பறக்கும். இந்த வசதி பயாஸில் இயக்கப்பட்டிருக்கிறதா என்பதை டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ் பகுதிக்குச் சென்று, சிபியு என்பதன் கீழே 'விர்ச்சுவலைசேஷன்' வரியைப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

எந்த மென்பொருள் என்பதை உங்கள் டாங்கிளே தீர்மானித்துவிடுகிறது. விண்டோஸ் ப்ரோ பதிப்புடன் வரும் மெய்நிகராக்க மென்பொருளான ஹைப்பர்-வி, யூஎஸ்பி கருவியை நேரடியாக உள்ளே அனுப்புவதில்லை என்பதால் அது உங்களுக்கு உதவாது. எஞ்சியவை விர்ச்சுவல்பாக்ஸும் விஎம்வேர் வொர்க்ஸ்டேஷனும். விஎம்வேர் வொர்க்ஸ்டேஷன் ப்ரோ 2024 நவம்பர் முதல் வணிகப் பயன்பாட்டுக்கும் இலவசம். விர்ச்சுவல்பாக்ஸின் அடிப்படைத் தொகுப்பு கட்டற்ற மென்பொருள். அதனுடன் தனியாகத் தரவிறக்கப்படும் எக்ஸ்டென்ஷன் பேக் தனிப்பட்ட பயன்பாட்டுக்கும் கல்விக்கும் மட்டுமே இலவசம். அச்சகத்தில் பயன்படுத்த வேண்டுமானால் உரிமம் வாங்க வேண்டும். யூஎஸ்பி 2.0 வசதி முன்பு அந்தப் பேக்கில்தான் இருந்தது. 2022-இல் வந்த 7.0 பதிப்பில் அது அடிப்படைத் தொகுப்புக்கே மாறிவிட்டதால், பேக்கைத் தொடாமலேயே உங்கள் வேலை நடந்துவிடும்.

அமைக்கும்போது எக்ஸ்பிக்கு 1 ஜிபி ரேமும் ஒரே ஒரு செயலி மையமும் போதும். கூடுதலாகக் கொடுப்பதால் பயன் இல்லை. வட்டுக் கட்டுப்பாட்டைக் கட்டாயமாக ஐடிஇ (பழைய வட்டு இணைப்பு முறை) என வையுங்கள். சாட்டா என்று வைத்தால் அதற்கான டிரைவர் எக்ஸ்பியிடம் இல்லாததால் நிறுவல் வட்டைக் காணாமல் நின்றுவிடும். அதே காரணத்தால் யூஎஸ்பி கட்டுப்பாட்டையும் 3.0 எனத் தேர்ந்தெடுக்காமல் 2.0 என்றே வைக்க வேண்டும். டாங்கிளுக்கான டிரைவரை எக்ஸ்பிக்குள் முதலில் நிறுவிவிட்டு, பிறகு டாங்கிளைச் செருகி, அமைப்புகளில் அதற்கென ஒரு யூஎஸ்பி ஃபில்டர் சேர்த்துவிட்டால், ஒவ்வொரு முறை எக்ஸ்பியைத் தொடங்கும்போதும் அது தானாகவே உள்ளே சென்றுவிடும். அந்த நேரத்தில் விண்டோஸ் 11-இன் கண்ணில் டாங்கிள் படாது, அது இயல்பானதே. (பழைய அச்சுப்பொறித் துளையில் செருகும் பாரலல் போர்ட் பூட்டாக இருந்திருந்தால் இவ்வளவு எளிதாக முடிந்திருக்காது. யூஎஸ்பியை அச்சுப்பொறித் துளையாக மாற்றித் தரும் கேபிள்கள் அச்சுப்பொறிக்கு மட்டுமே பேசும், பூட்டுக்கு அல்ல.)

விசைப்பலகையைப் பொறுத்தவரை, நீங்கள் எந்த விசையை அழுத்தினீர்கள் என்ற தகவல் மட்டுமே உள்ளே செல்கிறது. அதை எந்தத் தமிழ் எழுத்தாக மாற்றுவது என்பதை எக்ஸ்பிக்குள் இருக்கும் உங்கள் பழைய மென்பொருளே முடிவு செய்யும். ஆகவே வெளியே விண்டோஸ் 11-இல் வேறு தமிழ்த் தட்டச்சுச் செயலி ஏதும் ஓடிக்கொண்டிருந்தால் அதை நிறுத்தி, ஆங்கிலத்தில் வைத்துவிட்டே உள்ளே நுழையுங்கள். இல்லையென்றால் ஒரே விசையை இருவர் பிடித்துக்கொண்டு இழுப்பார்கள்.

பாதுகாப்பு என்பது இங்கே ஒரே ஒரு முடிவு. எக்ஸ்பிக்கான ஆதரவு 2014 ஏப்ரல் 8-ஆம் நாளோடு முடிந்துவிட்டது. அதற்கு இணையம் வேண்டியதில்லை. நெட்வொர்க் அடாப்டரையே அமைப்புகளில் நீக்கிவிடுங்கள். கோப்புகளைக் கொண்டுபோகவும் கொண்டுவரவும், விர்ச்சுவல்பாக்ஸின் துணைத் தொகுப்பான கெஸ்ட் அடிஷன்ஸை எக்ஸ்பிக்குள் நிறுவி, பகிர்வுக் கோப்புறை ஒன்றை அமைத்துக்கொள்ளலாம். அந்தக் கோப்புறையில் அன்றைய வேலைக்குரியவை மட்டும் இருக்கட்டும். அச்சகத்தின் முழு டி டிரைவையும் பகிர்ந்துவிட்டால், பழைய கோப்புகளோடு ஒட்டிக்கொண்டு வரும் வைரஸ் ஒன்று வெளியே எழுதுவதற்கு நீங்களே வாசலைத் திறந்துவிட்டதாகிவிடும்.

---

யூனிகோடுவாசி

கேட்ட கேள்விக்கு நேரான பதில் அன்று, இருப்பினும் சொல்லத் தோன்றுகிறது. ஆதரவு முடிந்த இயங்குதளம், நிறுத்தப்பட்ட பக்க வடிவமைப்பு மென்பொருள், யூனிகோடுக்கு முந்தைய எட்டு பிட் குறியீட்டு முறைகளில் ஏதோ ஒன்றில் அமைந்த எழுத்துரு: இம்மூன்றையும் மெய்நிகர் கணினிக்குள் அடைத்து வைப்பது சிக்கலைத் தள்ளிப்போடுவதே ஆகும். பஞ்சாங்கத்துக்குத் தேவையான ௳, ௴, ௵ ஆகிய நாள், மாத, வருடக் குறிகள் 2003-இல் வெளியான யூனிகோடு 4.0 பதிப்பிலேயே சேர்க்கப்பட்டுவிட்டன. உரையை மாற்றித் தரும் கருவிகளும் இலவசமாகக் கிடைக்கின்றன. ஒரே ஒரு ஆண்டு சிரமப்பட்டு இன்டிசைனில் கட்டங்களைப் புதிதாக அமைத்துவிட்டால், நாழிகைகளைக் கணக்கீட்டுத் தாளிலிருந்தே நேரடியாக நிரப்பலாமே?

---

பழையடிடிபி

மேலே நண்பர் கூறியது கொள்கையளவில் சரி. ஆனால் பஞ்சாங்கக் கோப்பைத் திறந்து பார்த்தவர்களுக்கு அது ஒரே ஆண்டில் முடியும் வேலையாகத் தோன்றாது. மாற்றுக் கருவிகள் உரையை மாற்றும்; டேப் நிறுத்தங்களையும் கையால் நகர்த்தி வைத்த கோடுகளையும் அவை மாற்றித் தரமாட்டா. தவிர, இத்தகைய எழுத்துருக்களில் வழக்கமான எழுத்துகளுக்கு அப்பால், ஆல்ட் விசையோடு எண்களை அழுத்திப் பெறும் இடங்களில் கிரகக் குறிகளையும் ராசிக் கட்டங்களையும் அந்தந்த நிறுவனத்தார் தம் விருப்பம்போல் வைத்திருந்தனர். மாற்றுக் கருவிக்கு அவை தெரியாது. எங்கோ ஒரு கேள்விக்குறியை வைத்துவிட்டுப் போய்விடும். பஞ்சாங்கத்தில் ஒரு குறி மாறினால் ஆண்டு முழுவதும் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

அச்சுமனை அவர்களுக்கு நான் சொல்ல விரும்புவது வேறு. நீங்கள் காப்பாற்ற வேண்டியது எக்ஸ்பியை மட்டும் அன்று. அந்தக் கணினியில் இருக்கும் எழுத்துருக் கோப்புகள், விசைப்பலகை மென்பொருள், அச்சுப்பொறி டிரைவர் ஆகிய மூன்றையும் அப்படியே எடுத்துவர வேண்டும். ஒரே பெயரில் இரண்டு பதிப்பு எழுத்துருக்கள் உலவுவது தமிழ் டிடிபி உலகில் சர்வசாதாரணம். பெயர் பொருந்திவிட்டால் பேஜ்மேக்கர் எந்த எச்சரிக்கையும் தராது. எழுத்தின் அகலம் மட்டும் இம்மியளவு வேறுபட்டு, எங்கோ 40-ஆம் பக்கத்தில் ஒரு வரி கீழே இறங்கிவிடும். பெயரே பொருந்தாவிட்டால் கோப்பைத் திறக்கும்போது பானோஸ் எழுத்துருப் பொருத்தச் சாளரம் வந்து, வேறொன்றைப் போடட்டுமா என்று கேட்கும். அங்கே அவசரப்பட்டு ஓகே அழுத்தாமல் வெளியே வந்துவிடுங்கள்.

அச்சுப்பொறி டிரைவரைப் பலர் மறந்துவிடுகின்றனர். பேஜ்மேக்கர் பக்கத்தை அமைக்கும்போதே 'கம்போஸ் டு பிரிண்டர்' என்று ஒன்றைக் கணக்கில் வைத்துக்கொள்கிறது. அந்த டிரைவர் இல்லாமல் வேறொன்றுக்கு மாற்றினால் வரிகள் நகர வாய்ப்புண்டு. எனவே பழைய கணினியில் டாக்குமெண்ட் செட்டப் சாளரத்தைத் திறந்து, எந்த அச்சுப்பொறி, எத்தனை டிபிஐ என்று குறித்துவைத்து, அதே போஸ்ட்ஸ்கிரிப்ட் டிரைவரை மெய்நிகர் கணினியிலும் நிறுவுங்கள். அச்சுப்பொறி உண்மையில் இணைந்திருக்கத் தேவையில்லை. பிடிஎஃப் உருவாக்கும் டிஸ்டில்லர் மென்பொருள் வழியாக எழுத்துருக்களை உட்பொதித்துப் பிடிஎஃப் ஆக்கி வெளியே எடுத்துவிட்டால், பிளேட் போடும் இடத்தில் எந்தக் கணினியிலும் அது மாறாமல் திறக்கும். அந்தப் பிடிஎஃபில் தமிழ்ச் சொல்லைத் தேட முடியாது என்பது மட்டுமே குறை. நகலெடுத்து ஒட்டினால் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளுமாகக் கொட்டும்.

---

அச்சுமனை

மூவருக்கும் நன்றி. விர்ச்சுவல்பாக்ஸில் எக்ஸ்பியைப் புதிதாக நிறுவி முடித்தேன். எங்களிடம் இருந்தது பெட்டியோடு கடையில் வாங்கிய உரிமம் என்பதால் அதில் சிக்கல் இல்லை. டாங்கிள் உள்ளே தெரிகிறது, விசைப்பலகையும் சரியாக இருக்கிறது. பழைய கணினியிலிருந்து ஃபாண்ட்ஸ் கோப்புறையை முழுமையாக எடுத்துவந்து, சென்ற ஆண்டு அச்சான பிரதியை அருகில் வைத்துச் சித்திரை மாதப் பக்கங்களை வரிவரியாக ஒப்பிட்டேன். ஒரு வரிகூட நகரவில்லை.

ஆனால் சுட்டியை நகர்த்தினால் சற்று நேரம் கழித்தே திரையில் நகர்கிறது, பக்கத்தைப் புரட்டும்போதும் தயங்குகிறது. சாளரத்தின் கீழ்ப்பட்டியில் பச்சை நிறத்தில் ஆமைப் படம் ஒன்று தெரிகிறது. அது எதைக் குறிக்கிறது?

---

சர்வர்அறை

அந்த ஆமை வேண்டுமென்றேதான் அங்கே வைக்கப்பட்டிருக்கிறது. செயலியின் மெய்நிகராக்க வசதியை விண்டோஸ் 11 தன் பாதுகாப்புக்காக ஏற்கெனவே எடுத்துக்கொண்டுவிட்டது, ஆகையால் விர்ச்சுவல்பாக்ஸ் நேரடியாக இயங்காமல் மைக்ரோசாஃப்ட்டின் ஹைப்பர்வைசர் (மெய்நிகராக்க அடுக்கு) மேல் உட்கார்ந்து இயங்குகிறது என்பதே அதன் பொருள். புதிய கணினிகளில் விண்டோஸ் செக்யூரிட்டிக்குள் 'கோர் ஐசோலேஷன்' பகுதியில் உள்ள 'மெமரி இன்டெக்ரிட்டி' பெரும்பாலும் வரும்போதே இயக்கத்தில் இருக்கும். அதை நிறுத்தி, விண்டோஸ் ஃபீச்சர்ஸ் பட்டியலில் ஹைப்பர்-வி, விர்ச்சுவல் மெஷின் பிளாட்ஃபார்ம், விண்டோஸ் ஹைப்பர்வைசர் பிளாட்ஃபார்ம் ஆகியவற்றில் தேர்வுக்குறி இருந்தால் அவற்றையும் எடுத்துவிட்டு, கணினியை மறுபடி தொடங்கினால் ஆமை பெரும்பாலும் போய்விடும்.

ஒன்றை எண்ணிப் பார்த்துச் செய்யுங்கள். மெமரி இன்டெக்ரிட்டி என்பது தீய டிரைவர்கள் இயங்குதளத்தின் மையத்துக்குள் நுழையாமல் தடுக்கும் காவல். வாடிக்கையாளர்களின் பென்டிரைவ்கள் நாள்தோறும் செருகப்படும் கணினி அதுவானால், அல்லது வங்கிப் பரிமாற்றங்களும் அதிலேயே நடக்குமானால், நான் ஆமையைப் பொறுத்துக்கொள்வேன். பஞ்சாங்கத்துக்கென்றே ஒதுக்கிய கணினியானால் தயங்காமல் நிறுத்திவிடலாம்.

சுட்டியின் தயக்கத்துக்கு வேறு காரணமும் இருக்கலாம்: கெஸ்ட் அடிஷன்ஸை நிறுவிவிட்டீர்களா? திரைக்கும் சுட்டிக்குமான டிரைவர்கள் அதில்தான் உள்ளன.

---

வண்ணக்கலவை

இடையில் ஒரு கேள்வி. என்னிடம் இருப்பது எம்1 செயலி கொண்ட மேக். என்னிடமும் பழைய பேஜ்மேக்கர் (பி65) கோப்புகள் ஏராளமாக இருக்கின்றன. இதே வழி எனக்கும் பொருந்துமா?

---

சர்வர்அறை

பொருந்தாது. எம்1 ஆர்ம் வகைச் செயலி. எக்ஸ்பியோ எக்ஸ்86 வகைக்காக எழுதப்பட்டது. ஒரே வகைச் செயலியாக இருந்தால்தான் கட்டளைகள் நேரடியாக ஓடும். யூடிஎம் என்ற மென்பொருளில், ஒவ்வொரு கட்டளையையும் மொழிபெயர்த்து ஓட்டும் எமுலேஷன் முறையில் எக்ஸ்பியைத் தொடங்கலாம். கோப்பைத் திறந்து உரையை வெளியே எடுக்க அது போதும், நாள் முழுவதும் உட்கார்ந்து பக்கம் அமைக்கப் போதாது. பழைய இன்டெல் மடிக்கணினி ஒன்று கிடைத்தால் உங்களுக்கு அதுவே மேல்.

---

அச்சுமனை

கெஸ்ட் அடிஷன்ஸ் நிறுவியதும் சுட்டி சரியாகிவிட்டது. இணையத்துக்கும் வங்கிக்கும் வேறு கணினி இருப்பதால் மெமரி இன்டெக்ரிட்டியையும் நிறுத்திவிட்டேன், ஆமை போய்விட்டது. கடைசியாக ஒன்று: இதில் ஸ்னாப்ஷாட் (மெய்நிகர் கணினியின் அப்போதைய நிலைப் பதிவு) எடுத்து வைத்தாலே காப்புப்படி எடுத்ததாகிவிடுமா?

---

பழையடிடிபி

ஆகாது. ஸ்னாப்ஷாட் என்பது மூல வட்டுக் கோப்பைச் சார்ந்து, அதற்குப் பின் நிகழ்ந்த மாற்றங்களை மட்டும் தனியே எழுதிச் செல்வது. மூலக் கோப்பு கெட்டால் ஸ்னாப்ஷாட்டும் பயன்படாது. எழுத்துரு ஒன்றைப் புதிதாக நிறுவிப் பார்ப்பதற்கு முன் எடுத்துக்கொண்டு, வேலை முடிந்ததும் நீக்கிவிடுங்கள். அடுக்கிக்கொண்டே போனால் வட்டும் நிறையும்.

காப்புக்கு, எக்ஸ்பியை 'சேவ் ஸ்டேட்' (ஓடும் நிலையிலேயே நிறுத்திச் சேமிப்பது) செய்யாமல் முறையாக ஷட்டவுன் செய்துவிட்டு, அந்த மெய்நிகர் கணினியின் கோப்புறையை முழுமையாக வெளிவட்டு ஒன்றுக்கு நகலெடுங்கள். கூடவே ஓவிஏ (மெய்நிகர் கணினி முழுவதும் ஒரே கோப்பாக) வடிவில் ஒரு ஏற்றுமதியும் எடுத்து வைத்தால், நாளை விஎம்வேருக்கு மாற வேண்டியிருந்தாலும் கைகொடுக்கும். பேஜ்மேக்கர் கோப்புகளை எக்ஸ்பிக்குள் மட்டும் விட்டுவைக்காமல் நாள்தோறும் பகிர்வுக் கோப்புறைக்கு ஒரு நகல் அனுப்பிவிடுங்கள். ஆனால் பகிர்வுக் கோப்புறையிலிருந்து நேரடியாகத் திறந்து வேலை செய்ய வேண்டாம். எக்ஸ்பிக்கு அது ஒரு நெட்வொர்க் டிரைவ். பேஜ்மேக்கருக்கு அதில் சேமிப்பது எனக்கு நம்பிக்கையான வழியாகத் தோன்றவில்லை.

டாங்கிளை நகலெடுக்க முடியாது. எழுத்துரு நிறுவனம் இன்னும் இயங்குகிறதென்றால், மாற்று டாங்கிள் தருவார்களா என்று இப்போதே எழுதிக் கேட்டுவிடுங்கள்.