லிவர்பூல் சீனக் கப்பல்காரர் ஒருத்தரைத் தேடிப் போன கதை

எங்க பக்கத்து வீட்டு அம்மாவுக்கு எண்பது வயசு நெருங்குது. பேச்சு அச்சு அசல் லிவர்பூல் பேச்சு, ஜாடை சீன ஜாடை. அப்பா சீனக் கப்பல்காரர், அம்மா இந்த ஊர்ப் பொண்ணு. அப்பா முகத்தை அவங்க பாத்ததே இல்ல. "உங்கப்பன் விட்டுட்டு ஓடிட்டான்"னு சொல்லியே வளத்திருக்காங்க. அப்பாவோட அண்ணன் ஒருத்தர் ரெண்டாம் உலகப் போருக்கு முன்னாடி இங்கயே செத்து இங்கயே புதைச்சாங்கன்னு மட்டும் தெரியும், எங்கன்னு தெரியாது. எனக்கு கம்ப்யூட்டர் வரும்ங்கறதால என்னைப் பிடிச்சுக்கிட்டாங்க.

பெரியப்பா ப்ளூ ஃபனல் கப்பல்ல ஃபயர்மேன், அதாவது பாய்லருக்கு கரி அள்ளிப் போடுற வேலை. 1866-லயே லிவர்பூல்ல இருந்து சீனாவுக்கு ஸ்டீமர் விட ஆரம்பிச்ச கம்பெனி அது, கம்மி சம்பளத்துக்கு வருவாங்கன்னு சீன ஆளுங்களை நிறைய எடுத்தாங்க. முதல்ல இறப்புச் சான்றிதழ் வாங்குனோம். காசநோய், முகவரி பிட் ஸ்ட்ரீட்ல ஒரு போர்டிங் ஹவுஸ். பழைய சைனாடவுன் அங்கதான் இருந்துச்சு, 1941 குண்டுவீச்சுல பெரும்பகுதி போயிடுச்சு, இப்ப போனா பாக்க ஒண்ணுமில்ல.

அடுத்து தேடுனது லிவர்பூல் ஆன்ஃபீல்ட் கல்லறைத்தோட்டத்துல. 1863-ல திறந்தது, பெரிய இடம். ரிஜிஸ்டர்ல குடும்பப் பேர்ல தேடுனா ஆளே இல்ல. கடைசில "ஆ" வரிசைல கிடைச்சாரு. சீனப் பேருக்கு முன்னாடி ஆசையா சேத்துக் கூப்பிடுற "ஆ"வையே எழுதுன கிளார்க் குடும்பப் பேராக்கி வச்சிருக்காரு. பிளாட் நம்பர் வாங்கிட்டு ஏப்ரல் ஆரம்பத்துல போனோம், சிங்மிங் சமயம், அதாவது சீனக் குடும்பங்க கல்லறையை சுத்தம் பண்ணிப் படையல் போடுற நாள். ஆரஞ்சு, வறுத்த பன்றிக்கறி, மூணு சின்ன கப்ல சாராயம், ஒரு தகர டின்ல படையலுக்குன்னே அச்சடிச்ச போலிக் காகிதப் பணத்தை எரிக்கிறாங்க, நம்ம அமாவாசைப் படையல் மாதிரியே இருந்துச்சு.

கல்லு முழங்கால் உயரம்தான், பாசி. தண்ணி ஊத்தித் தேச்சா நடுவுல பேரு, வலப்பக்கம் ஊரு, இடப்பக்கம் தேதி. பக்கத்துல படையல் போட்டுட்டு இருந்த பெரியவர் வந்து படிச்சாரு, குவாங்டாங் பக்கம் தோய்சான்னாரு. அரசாங்கக் காகிதத்துல "சீனா"ன்னு மட்டும் இருந்த மனுசனுக்கு கிராமத்துப் பேரு வரைக்கும் இந்தக் கல்லுதான் வச்சிருந்துச்சு. பக்கத்து வீட்டு அம்மா அழல, "கால் வலிக்குது, டீ குடிக்கலாம்"னாங்க.

செத்த பெரியப்பா கிடைச்சுட்டாரு, உயிரோட இருந்த அப்பாதான் கிடைக்கல. போர்ல லிவர்பூலை வச்சு ஆயிரக்கணக்கான சீன மாலுமிங்க அட்லான்டிக்ல உயிரைக் குடுத்து ஓட்டிருக்காங்க, வெள்ளைக்கார மாலுமிக்கு சமமான போனஸ் கூட இல்ல, 1942-ல ஸ்ட்ரைக் பண்ணித்தான் கொஞ்சம் ஏத்துனாங்க. போர் முடிஞ்ச கையோட 1945 அக்டோபர் 19-ம் தேதி லண்டன்ல உள்துறை ஆபீசருங்க உக்காந்து பேசி இவங்களைக் கிளப்பிடலாம்னு முடிவு, 1946-க்குள்ள ஏறக்குறைய 2,000 பேரைக் கப்பலேத்தி அனுப்பிட்டாங்க, கல்யாணம் பண்ணி குழந்தை பெத்தவங்களும் அதுல உண்டு, பல பொண்டாட்டிங்களுக்கு சொல்லக்கூட இல்ல. வெளிநாட்டுக்காரரைக் கட்டுனதால அந்தப் பொண்ணுங்களோட பிரிட்டிஷ் குடியுரிமையும் போச்சு, யாருகிட்ட போய்க் கேப்பாங்க? 2022-ல உள்துறையே ஒரு ரிப்போர்ட்ல இதை ஒத்துக்கிச்சு. பக்கத்து வீட்டு அம்மாவோட அம்மா அதுக்கு ரொம்ப முன்னாடியே, புருசன் ஓடிட்டான்னு நம்பிக்கிட்டே செத்துட்டாங்க. எனக்கு அந்த இடத்துலதான் ஆத்திரம் ஆத்திரமா வந்துச்சு.

இப்ப டிஎன்ஏ டெஸ்ட் குடுத்துட்டு உக்காந்திருக்கோம். தோய்சான்ல இருந்து ஒரு பதிலும் இல்ல.

இதே மாதிரி தேடுறவங்க சிஆர்10 அட்டையை விட்டுடாதீங்க. 1918-ல இருந்து 1921 வரைக்கும் பிரிட்டிஷ் வணிகக் கப்பல்ல வேலை பாத்தவங்களுக்குப் போட்ட பதிவு அட்டை அது, சவுத்தாம்ப்டன் ஆவணக் காப்பகத்துல இருக்கு, நிறைய அட்டைல போட்டோவும் உண்டு. பேரை முன்ன பின்ன மாத்திப் போட்டு, "ஆ" வரிசைலயும் ஒரு தடவை பாத்துடுங்க.