கடைக் குப்பையைப் பிரிக்கப் போய் நான் பட்ட பாடு

கொழும்புப் புறக்கோட்டையில் எங்களுடையது புடவை மொத்தக்கடை. வேலைக்கு நிற்பவர்கள் ஒன்பது பேர். சேலைக்கு ஒரு பொலித்தீன் உறை, கட்டுக்கு ஒரு மட்டை, எல்லாவற்றுக்கும் மேலே காட்போட் பெட்டி. பொழுதுபட்டால் வாசலில் ஒரு குப்பை மலை.

2017 சித்திரைப் புத்தாண்டு அன்று மீதொட்டமுல்லைக் குப்பைமேடு சரிந்து முப்பது பேருக்கு மேல் செத்துப்போனார்கள். அதற்குப் பிறகு கொழும்புத் தெருக்களில் குப்பை தேங்கி நாறியது எல்லோருக்கும் ஞாபகமிருக்கும். கடை திறந்தபோது நாங்கள் கட்டிவைத்த மூட்டைகள் அப்படியே கிடந்தன. சரி, இனிப் பிரித்துத்தான் கொடுப்பது என்று முடிவெடுத்தேன்.

வாளிகள் வாங்கினேன். உக்கும் குப்பைக்குப் பச்சை, கடதாசிக்கு நீலம், பிளாஸ்ரிக்குக்குச் செம்மஞ்சள், கண்ணாடிக்குச் சிவப்பு, உலோகத்துக்குக் கபிலம். புடவைக்கடையில் கண்ணாடி ஏது? சிவப்பு வாளியில் இப்போது குடைகள் நிற்கின்றன.

முதல் அடி விழுந்தது மத்தியானச் சாப்பாட்டில். பார்சலுக்கு வெளியே பத்திரிகைத் தாள்தானே, ஆகவே தம்பிமார் சோறு கறி மிச்சத்தோடு சுருட்டி நீல வாளியில் போட்டுவிட்டார்கள். பருப்புத் தண்ணீர் கசிந்து அடியிலிருந்த மட்டைகள் எல்லாம் மஞ்சள். பழைய கடதாசி எடுக்க வந்தவர் மேல் மட்டையைத் தூக்கி முகர்ந்துவிட்டுச் சிங்களத்தில் சொன்னார்: "முதலாளி, இது கடதாசி இல்லை, கறி." ஆலையில் கடதாசியைத் தண்ணீரில் ஊறவைத்துக் கூழாக்குவார்கள். பில்லில் குத்திய பின்னைக்கூட அங்கே பிரித்தெடுத்துவிடலாம். எண்ணெய் மட்டும் நாரோடு ஒட்டிக்கொள்ளும், போகவே போகாது. அன்றைக்கே சாப்பாட்டு வாளியைப் பின்பக்கம் கை கழுவுகிற குழாயடிக்கு மாற்றினேன். கை கழுவப் போகும்போது பார்சலும் கூடவே போய்விடும். சுவரில் ஒட்டிய அறிவித்தலை யாரும் பார்க்கவில்லை, குழாய்தான் வேலை செய்தது.

ஆனால் உண்மையான பிழை வேறு. முதல் மாதம் காட்போட் விற்ற காசைக் கணக்கில் வரவு வைத்தோம். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அந்த மாதத்திலிருந்து கூட்டித் துடைக்கிற அக்காவின் முகம் சரியில்லை. மூலையெல்லாம் தூசி. கேட்டால், "ஒன்றுமில்லை ஐயா." கடைசியில் மூட்டை சுமக்கிற நாட்டாமை ஒருவர்தான் காதோடு காதாகச் சொன்னார். ஆறு வருடமாக அந்தப் பெட்டிகளை மடித்துக் கட்டி விற்றுக்கொண்டிருந்தது அந்த அக்காதானாம். மகளின் டியூசன் காசு அது. குப்பையைப் பிரிக்கத் தெரிந்த ஒரே ஆள் கடைக்குள்ளேயே இருந்திருக்கிறார். அவர் வயிற்றில் அடித்துவிட்டு நான் வாளி வாங்கியிருக்கிறேன்.

காசை அவரிடமே திருப்பிக் கொடுத்தேன். பிரிக்கிற பொறுப்பும் இப்போது அவருடையது. யாராவது மாற்றிப் போட்டால் என்னைவிட நன்றாக ஏசுகிறார். தொடங்க இருப்பவர்கள் வாளி வாங்க முன்னம், உங்கள் குப்பையில் ஏற்கெனவே யாருடைய காசு இருக்கிறது என்று விசாரித்துப் பாருங்கள்.

மற்றவர்கள் என்ன செய்தீர்கள்?

—

வெள்ளவத்தையிலிருந்து:

எங்களுடையது கணக்காளர் அலுவலகம், கடதாசியைத் தவிர வேறொன்றும் இல்லை. சுகமாக முடியும் என்று நினைத்தேன். வாடிக்கையாளர்கள் சப்பாத்துப் பெட்டி நிறையக் கொண்டுவரும் பற்றுச்சீட்டில் முக்கால்வாசி அந்த வழுவழுப்பான இயந்திரத் தாள். நகத்தால் கீறினால் கறுக்கும், அதுதான் அடையாளம். அதில் இரசாயனப் பூச்சு இருப்பதால் மற்றக் கடதாசியோடு சேர்க்கக் கூடாது. கார்பன் தாளும் அப்படித்தான். இன்னொன்று, வாடிக்கையாளர் பெயர் தெரிகிற தாள்களைக் கிழிக்காமல் கொடுத்துவிடாதீர்கள். எங்கள் பைல் தாள் ஒன்று கடலைச் சுருளாகத் திரும்பி வந்தது. காலிமுகத்திடலில், என் கைக்கே!

—

கொட்டாஞ்சேனையிலிருந்து:

சாப்பாட்டுக்கடை. மிச்சச் சோற்றைப் பன்றி வளர்க்கிற ஒருவர் தினமும் வந்து எடுத்துப் போவார், காசு தருவதில்லை, நாங்கள் கேட்பதுமில்லை. திடீரென்று ஒருநாள் நிறுத்திவிட்டார். சோற்றுக்குள் பல்லுக்குத்தும் குச்சியாம், பன்றியின் வாயைக் கிழித்துவிட்டதாம். கெஞ்சிக் கூத்தாடித்தான் திரும்ப வரவைத்தோம். இப்போது குச்சிப் போத்தலை மேசையில் வைப்பதில்லை, காசாளரிடம் கேட்டால்தான் கிடைக்கும். தேங்காய்ச் சிரட்டைக்கு மட்டும் போட்டி, இரண்டு பேர் வருகிறார்கள். புடவைக்கடை அண்ணை சொன்னதைப் படித்த பிறகு ஒரு யோசனை. எங்கள் சமையலறையில் வெற்று எண்ணெய்ப் போத்தல்கள் சேர்ந்ததாக எனக்கு ஞாபகமே இல்லை. நாளைக்கு விசாரிக்கவா, பேசாமல் இருக்கவா?

—

புடவைக்கடை:

பேசாமல் இருங்கள் தம்பி. மூடியைக் கழற்றித் தனியாகப் போடச் சொல்லுங்கள், அது வேறு பிளாஸ்ரிக்.