மயக்கம் தெளிந்து நன்றாகக் கதைக்கிறார், தண்ணீர் மட்டும் ஏன் தரக் கூடாது?

களுவாஞ்சிக்குடிப் பொடியன்:
போன கிழமை அம்மாவுக்கு (63) பித்தப்பைக் கல் ஒப்பரேஷன், முழு மயக்கம் கொடுத்துத்தான் செய்தார்கள். வாட்டுக்குக் கொண்டுவந்து அரை மணித்தியாலத்தில் கண்ணைத் திறந்து "மாடு கட்டியாச்சா" என்று கேட்கிறார், அவ்வளவு தெளிவு. நா வறண்டு தண்ணீர் கேட்டால் மிஸி பஞ்சை நனைத்து உதட்டில் ஒற்றிவிட்டுப் போய்விட்டார். மாமிக்குப் பொறுக்கவில்லை, மிஸி அந்தப் பக்கம் திரும்பியதும் பிளாஸ்க் மூடியில் ஒரு வாய் பிளேன்டீ. அம்மா பெரிதாக இருமவில்லை, ஆனால் கொஞ்ச நேரம் தொண்டைக்குள் சளி நிற்கிற மாதிரிக் கரகரவென்று கதைத்தார். கதைக்கிற ஆளுக்கு விழுங்க முடியாதா என்ன?

காத்தான்குடி காக்கா:
எனக்கு ஹேர்னியா செய்த அன்று முதுகில் ஊசி, இரண்டு மணித்தியாலத்தில் தேத்தண்ணி குடித்தேன். சும்மா பயங்காட்டுகிறார்கள் தம்பி.

தியேட்டர் ஆள்:
காக்கா, உங்களுக்கு இடுப்புக்குக் கீழேதான் மரத்தது, அது வேறு கதை. முழு மயக்கத்தில் மூச்சுக்காகத் தொண்டைக்குள் குழாய் விடுவதற்குத் தசையைத் தளர்த்தும் மருந்தும் போடுகிறோம். அதன் வேகம் இறங்கிவிட்டதா என்று பார்க்க மணிக்கட்டு நரம்பில் 4 சின்ன மின் அதிர்வு கொடுப்போம், நாலாவதுக்குப் பெருவிரல் துடிக்கிற துடிப்பு முதலாவதில் 90 வீதமாவது இருக்க வேண்டும். அதற்கு முன்னமே ஆள் கண் திறப்பார், கையைப் பிடிப்பார், மாட்டையும் விசாரிப்பார். தொண்டைத் தசை மட்டும் பின்தங்கி நிற்கும். விழுங்கும் கணத்தில் மூச்சு நிற்க வேண்டும், குரல்வளை மேலே ஏறி மூட வேண்டும், எல்லாம் ஒரு செக்கனுக்குள். மயக்க மருந்து கொஞ்சம் மிச்சமிருந்தாலே அந்த ஒழுங்கு குழம்பும், வயது போனவர்களுக்கு இன்னும் மோசம். இருமினால் நான் சந்தோஷப்படுவேன், இருமாமல் நுரையீரலுக்குள் இறங்குவதுதான் பொல்லாதது. அந்தக் கரகரப்பு குழாய் விட்டதாலும் வரும், பிளேன்டீ குரல்நாணுக்கு மேல் தேங்கியதாலும் வரும். சரி, காய்ச்சல், மூச்சிழுப்பு ஒன்றும் இல்லைதானே? இனி யாருக்கென்றாலும் மிஸி சரி சொன்ன பிறகு, நிமிர்த்தி இருத்தி, தேக்கரண்டியால் தண்ணீர்.

களுவாஞ்சிக்குடிப் பொடியன்:
ஒன்றும் இல்லை அண்ணா, நேற்று மீன் ஆணம் கேட்டுச் சாப்பிட்டார். மாமிக்கு இதை வாசித்துக் காட்டினேன், "நான் சீனி போடாமத்தானே குடுத்தன்" என்கிறா.