கடல் கடந்த செமஸ்டரில் கைகொடுத்தவர்கள்

பெங்களூர் அல்சூரிலிருந்து, மெக்கானிக்கல் கடைசி வருட மாணவி

எக்ஸ்சேஞ்ச் செமஸ்டர், அதாவது ஒரு செமஸ்டரை வெளிநாட்டில் படிப்பது பற்றிக் கேட்கிற ஜூனியர்கள் எல்லாரும் விசா, டிக்கெட், ஸ்காலர்ஷிப் என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். அதற்கெல்லாம் வழி எழுதி வைத்திருக்கிறது, பார்த்துச் செய்துவிடலாம். போன ஊரில் முதல் மாதம் நமக்காக யார் கையெழுத்துப் போடுவார்கள் என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. எனக்கு மொத்த செமஸ்டரும் அதில்தான் நின்றது. எனக்குக் கையெழுத்துப் போட்ட ஆன்ட்டியைப் பற்றி எழுதுகிறேன். உங்களுக்கும் அப்படி யாராவது கிடைத்திருந்தால் கீழே எழுதுங்கள். அடுத்துப் போகிற பிள்ளைகள் படிக்கட்டும்.

2025 கோடை செமஸ்டருக்கு ஜெர்மனியில் டோர்ட்மண்ட் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் போனேன். அங்கே கோடை செமஸ்டர் ஏப்ரலில் தொடங்கும், வகுப்புகள் ஜூலையோடு முடியும். இரண்டு கல்லூரிகளுக்கும் உள்ள ஒப்பந்தத்தில் போவதால் ஃபீஸ் வழக்கம்போல இங்கே என் கல்லூரியில்தான். அங்கே செமஸ்டர் கட்டணம் மட்டும் கட்டினேன், அதிலேயே ரயில் பஸ் பாஸும் வந்துவிட்டது. செலவுக்குப் பணம் இருக்கிறது என்று காட்ட பிளாக்டு அக்கவுன்ட் போட வேண்டும். அந்த வருடம் மாதத்துக்கு 992 யூரோ கணக்கு. அப்பா பி.எஃப். பணத்தில் கைவைத்துத்தான் அதைக் கட்டினார்.

இனிமேல் சொல்வதைக் கவனமாகப் படியுங்கள். பிளாக்டு அக்கவுன்டில் இருக்கும் பணத்தை நேராக எடுக்க முடியாது. அங்கே நம் பேரில் ஒரு சாதாரண பேங்க் கணக்கு இருந்தால் மாதாமாதம் அதில் வந்து விழும். நான் போன பேங்கில் கணக்குத் திறக்க முகவரிப் பதிவுச் சான்று கேட்டார்கள். குடியேறிய இரண்டு வாரத்துக்குள் நகர அலுவலகத்தில் செய்ய வேண்டிய பதிவு அது, அன்மெல்டுங் என்பார்கள். அந்தப் பதிவுக்கு, "இந்தப் பெண் என் வீட்டில்தான் குடியிருக்கிறாள்" என்று வீடு கொடுத்தவர் கையெழுத்துப் போட்ட தாள் வேண்டும். எனக்கு ஹாஸ்டல் அறை மே மாதம்தான் காலியாகும் என்று சொல்லிவிட்டார்கள். அதுவரைக்கும் ஆன்லைனில் பிடித்த ஒரு வீட்டில் தங்கினேன். வாடகையை முன்னாலேயே வாங்கிக்கொண்ட அந்த வீட்டுக்காரர், கையெழுத்து மட்டும் போட மாட்டேன் என்று நின்றார். வீடு, பதிவு, கணக்கு, பணம் எல்லாம் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டது. அப்பா பணம் பத்திரமாக இருக்கிறது, என் கையில் பிரெட் வாங்கக் கணக்குப் பார்க்கிற நிலைமை.

டோர்ட்மண்ட் ரயில் நிலையத்துக்கு வடக்கே நோர்ட்ஸ்டாட் என்று ஒரு பகுதி. வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள் நிறையப் பேர் இருக்கிற இடம். அங்கே ஒரு தமிழ்க் கடையில் சின்னப் பை பொன்னி அரிசியைக் கையில் எடுப்பதும் விலையைப் பார்த்துக் கீழே வைப்பதுமாக நின்றேன். கல்லாவில் இருந்த ஆன்ட்டி கேட்டார்: "பிள்ளை, எந்த ஊர்?"

பெங்களூர் என்றேன். "அங்கயும் தமிழாக்கள் இருக்கினமோ?" என்று ஆச்சரியப்பட்டார். தாத்தா காலத்திலிருந்தே அல்சூரில்தான் இருக்கிறோம் என்றும், எங்கள் ஏரிக்கரை வள்ளுவர் சிலை 1991-லிருந்து 18 வருடம் மூடிக் கிடந்து 2009-ல்தான் திறக்கப்பட்டது என்றும் சொன்னேன். அவர் கல்லாவை விட்டு எழுந்து வந்து பக்கத்தில் நின்று கேட்டார். அப்புறம், "இப்ப எங்க நிக்கிறீங்கள்?" என்றார், எங்கே தங்கியிருக்கிறேன் என்று. அந்த ஒரு கேள்விக்கு எனக்கு அழுகையே வந்துவிட்டது. கையெழுத்துக் கதை முழுக்கச் சொன்னேன். ஜெர்மனியில் கடிதம் இல்லாவிட்டால் "ஒண்டும் நடக்காது" என்று அவருக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. "அறை கிடைக்கிற வரைக்கும் எங்கட வீட்டை வந்து நில்லுங்கோ" என்றார்.

மறுநாளே பெட்டியோடு போய்விட்டேன். அவர்கள் மகள் கல்யாணமாகிப் போன அறை. சாப்பாட்டு மேசையில் ஆன்ட்டி மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு அந்தத் தாளை நிரப்பினார். ஜெர்மன் அரசுத் தாள்களை இத்தனை வருடமாக நிரப்பிப் பழகிய கை. எங்கே பெரிய எழுத்து, எங்கே தேதி, எந்தக் கட்டத்தை விட்டுவிட வேண்டும், எதற்கும் யோசிக்கவே இல்லை. குடிவந்த தேதியை எழுதிக் கையெழுத்துப் போட்டு, ஒரு நகலைத் தன் ஃபைலில் வைத்துக்கொண்டு என்னிடம் கொடுத்தார். பதிவு முடிந்தது, கணக்குத் திறந்தது, பணம் வந்தது. டிவி, ரேடியோவுக்கான ஒலிபரப்புக் கட்டணம் மாதம் 18.36 யூரோ கட்டச் சொல்லி என் பேருக்கு ஒரு கடிதம் வந்து நான் பதறியபோதும் அவர்தான் விஷயத்தைச் சொன்னார். அது ஆளுக்கு இல்லை, வீட்டுக்கு ஒன்று. "நாங்கள் கட்டுறம், எங்கட நம்பரை எழுதிப் போடுங்கோ." அதோடு முடிந்தது. போகிறவர்கள் இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

அங்கிள் அதிகம் பேச மாட்டார். ஒரு நாள் இரவு இடியப்பமும் சொதியும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அவராகவே சொன்னார். இலங்கையில் 83 கலவரத்துக்கு அப்புறம், 84-ல், கிழக்கு பெர்லினில் விமானம் இறங்கி, அங்கிருந்து ரயிலேறி மேற்கு பெர்லினுக்குள் வந்து அகதி மனு கொடுத்தவர் அவர். அப்போது நிறையத் தமிழர்கள் வந்த வழி அது. மனு நடக்கிற காலம் முழுக்க, ஒதுக்கிய மாவட்டத்தைத் தாண்டிப் போகக் கூடாது, பக்கத்து ஊரில் இருக்கிற தம்பியைப் பார்க்கவே அனுமதித் தாள் வேண்டும். நான் விசாவோடு விமானத்தில் வந்தவள், ரயில் பாஸ் இருக்கிறது, சனி ஞாயிறு என்றால் கொலோன், ஆம்ஸ்டர்டாம் என்று கிளம்பிவிடுவேன். அதே நாடு, அதே அலுவலகக் கவுன்டர். அவர் அன்றைக்கு எனக்கு எதையும் உபதேசம் பண்ணவில்லை. "வடிவாச் சுத்திப் பாருங்கோ" என்றார்.

ஹாஸ்டலுக்கு மாறிய பிறகும் வெள்ளிக்கிழமை அவர்கள் வீட்டில்தான் சாப்பாடு. ஹம் என்கிற ஊரில் இருக்கிற காமாட்சி அம்பாள் கோயில் தேருக்கு என்னைக் கூட்டிப்போனதும் அவர்கள்தான். டோர்ட்மண்டிலிருந்து ரயிலில் கொஞ்ச நேரம், அப்புறம் பஸ். லாரிகளும் ஷெட்டுகளும் நிற்கிற தொழிற்பேட்டைக்கு நடுவே திடீரென்று கோபுரம் தெரியும். 2002-ல் கும்பாபிஷேகம் ஆன கோயில். தேருக்கு முன்னால் தேங்காய் மலையாகக் குவித்து உடைக்கிறார்கள், போலீஸ் நின்று சாலையைத் தடுத்துக் கொடுக்கிறது. ஜெர்மனியில் பிறந்து தமிழாலயத்தில் சனிக்கிழமை தமிழ் படிக்கிற பிள்ளைகள் காவடி எடுத்து ஆடினார்கள். நானும் வடம் பிடித்தேன். எங்கள் அல்சூர் பூப்பல்லக்குத் திருவிழாக் கூட்டத்தில்கூட அவ்வளவு கிட்டப் போய் நான் நின்றதில்லை.

படிப்பைப் பற்றிச் சுருக்கமாக. இன்டர்னல் கிடையாது, என் பாடங்களில் அட்டெண்டன்ஸும் கிடையாது. கடைசியில் ஒரே பரீட்சை, முழு மதிப்பெண்ணும் அதில்தான். வாராவாரம் கொடுக்கிற பயிற்சிக் கணக்குகளைப் போடாதவர்கள் ஜூலையில் தவித்தார்கள். பல்கலைக்கழகத்தின் இரண்டு வளாகத்துக்கும் நடுவே தண்டவாளத்துக்குக் கீழே தொங்கிக்கொண்டு ஓடுகிற ரயில் ஒன்று உண்டு, 1984-லிருந்து ஓடுகிறதாம். மெக்கானிக்கல்காரர்கள் அதற்காகவே ஒரு தடவை டோர்ட்மண்ட் போகலாம்.

முருகேஷ்பாளையாவிலிருந்து, பிரான்ஸ் போய் வந்தவன்

அல்சூர் தங்கச்சி சொன்ன மாதிரி எனக்கும் ஒரு தாள்தான் பிரச்சினை. ஆனால் திரும்பி வந்த பிறகு.

கிரெனோபிளில் ஒரு செமஸ்டர் இருந்தேன். எந்தத் தெருவில் நின்று பார்த்தாலும் முடிவில் ஒரு மலை நிற்கும். அங்கே மதிப்பெண் 20-க்கு. 10 எடுத்தால் பாஸ், 12-க்கு மேல் நல்லது, 14 என்றால் வகுப்பே திரும்பிப் பார்க்கும், 16 எல்லாம் அபூர்வம். கன்ட்ரோல் சிஸ்டம்ஸில் எனக்கு 13 வந்தது. பேராசிரியர் விடைத்தாளைக் கையில் கொடுத்து, என் ரூட் லோக்கஸ் வரைபடத்தை விரலால் தொட்டுக் காட்டி, இதை இத்தனை சுத்தமாக யாரும் போடவில்லை என்றார். அந்த வகுப்பில் முதல் மூன்று பேரில் ஒருவன் நான்.

பெங்களூர் வந்ததும் என் கல்லூரியில் 13-ஐ 20-ஆல் வகுத்து 65 சதவீதம் என்று போட்டுவிட்டார்கள். மூன்று வருடமாகக் காப்பாற்றி வந்த சி.ஜி.பி.ஏ. ஒரே தாளில் இறங்கியது. பிளேஸ்மென்ட் கம்பெனிகள் கட்ஆஃப் வைத்திருக்கிற நேரம் அது. டிபார்ட்மென்டில் கேட்டால், கணக்கு சரியாகத்தானே இருக்கிறது தம்பி என்கிறார்கள். அம்மா, "இதுக்கா அவ்வளவு தூரம் போனே?" என்று ஒரே ஒரு தடவைதான் கேட்டார். எனக்கு அந்த வாரம் முழுக்கச் சோறு இறங்கவில்லை.

காப்பாற்றியவர் கிரெனோபிளில் நான் படித்த இடத்து அலுவலகத்தில் இருந்த ஒரு அம்மா. ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும், ஆங்கிலம் தட்டுத்தடுமாறித்தான் பேசுவார். அங்கே இருந்தபோது பாட மாற்றத் தாளுக்காக அவரிடம் போயிருக்கிறேன், அவ்வளவுதான் பழக்கம். நிலைமையை விளக்கி மெயில் போட்டேன். மறுநாளே பதில் வந்தது, கூடவே ஒரு பட்டியல். அந்தப் பாடத்தில் பாஸ் ஆனவர்களில் எத்தனை சதவீதம் பேர் எந்த மதிப்பெண் எடுத்தார்கள் என்ற அட்டவணை, முத்திரையும் கையெழுத்தும் போட்டு. இ.சி.டி.எஸ். என்கிற ஐரோப்பியக் கிரெடிட் முறையின் வழிகாட்டியே, மதிப்பெண்ணை மாற்றும்போது இந்த மாதிரி அட்டவணையை வைத்து இரண்டு பக்கத்தையும் ஒப்பிடச் சொல்கிறது. நான் கேட்காமலே, அந்தப் பக்கத்தையும் எடுத்து இணைத்திருந்தார்.

அதை வைத்துத்தான் மறுபடி மனு கொடுத்தேன். டீன் வரை போய், கடைசியில் மாற்றிக் கொடுத்தார்கள். ஆகவே தம்பி தங்கச்சிகளே, கிளம்புவதற்கு முன்னால் அங்கே படிக்கப்போகிற பாடங்களை எழுதி ஒப்புக்கொள்கிற லேர்னிங் அக்ரிமென்டில் கையெழுத்து வாங்கும்போதே, மதிப்பெண்ணை எப்படி மாற்றுவோம் என்பதையும் உங்கள் கல்லூரியிடம் எழுத்தில் வாங்குங்கள். அங்கிருந்து கிளம்பும்போது டிரான்ஸ்கிரிப்டோடு அந்த அட்டவணையையும் கேட்டு வாங்கிக்கொண்டு வாருங்கள்.

காக்ஸ் டவுனிலிருந்து, வீட்டுக்காரம்மா

நான் எங்கேயும் படிக்கப் போனதில்லை பிள்ளைகளே. எங்கள் வீட்டுக்கு வந்தவளைப் பற்றி எழுதலாம் இல்லையா?

2023-ல் நெதர்லாந்திலிருந்து ஒரு பெண், இங்கே ஒரு கல்லூரியில் எக்ஸ்சேஞ்ச் படிக்க வந்தாள். அதற்கு முன்னால் இரண்டு மூன்று வீட்டில் வெளிநாட்டுக்காரி என்று கதவைச் சாத்திவிட்டார்களாம். எங்கள் தெருவிலும், வேண்டாம் அக்கா, போலீஸ் அது இது என்று வரும் என்றார்கள். போலீஸ் வரவில்லை. வெளிநாட்டுக்காரர் யார் வந்து தங்கினாலும், வீட்டுக்காரர் 24 மணி நேரத்துக்குள் எஃப்.ஆர்.ஆர்.ஓ. என்கிற வெளிநாட்டினர் பதிவு அலுவலக வெப்சைட்டில், அப்போது ஃபார்ம் சி என்ற பேரில் இருந்த தாளைப் போட வேண்டும், அவ்வளவுதான். என் வீட்டுக்காரர் அவள் பாஸ்போர்ட்டையும் விசாவையும் ஸ்கேன் பண்ணி, காபி ஆறுவதற்குள் முடித்துவிட்டார். இதற்குப் பயந்துகொண்டு அந்தக் குழந்தைகளை ஊர் முழுக்க அலையவிடுகிறார்கள் என்பதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறாத கோபம்.

செப்டம்பரில் அவளுக்கு டெங்கு வந்துவிட்டது. பிளேட்லெட் இறங்கிக்கொண்டே போகிறது, ஆஸ்பத்திரியில் அட்டெண்டர் யார், கையெழுத்துப் போடுங்கள் என்கிறார்கள். உறவு என்று ஒரு கட்டம் இருந்தது. நான் "அம்மா" என்று எழுதினேன். நர்ஸ் என்னைப் பார்த்தாள், அவளைப் பார்த்தாள், ஒன்றும் சொல்லாமல் வாங்கிக்கொண்டாள். ராத்திரி அவளுடைய சொந்த அம்மாவிடம் வீடியோவில் பேசினேன். அந்தம்மாவுக்கு என் பாஷை தெரியாது, எனக்கு அவர் பாஷை தெரியாது. நான் டிரிப்ஸ் பாட்டிலைக் காட்டினேன், சார்ட்டைக் காட்டினேன், குழந்தை கஞ்சி குடித்த டம்ளரைக் கவிழ்த்துக் காட்டினேன். அந்தம்மா கையெடுத்துக் கும்பிட்டார். யார் சொல்லிக் கொடுத்தார்களோ!

குணமாகி வந்த பிறகு மார்கழிக்கு என்னோடு வாசலில் உட்கார்ந்து புள்ளி வைத்தாள். பொங்கல் பார்த்துவிட்டுத்தான் ஊருக்குப் போனாள்.

அல்சூர் கண்ணு, உன் ஆன்ட்டிக்கு நான் விசாரித்ததாகச் சொல்லு. எங்கள் மாடி போர்ஷன் ஜனவரியிலிருந்து காலி. உங்கள் கல்லூரிகளுக்கு வெளிநாட்டுப் பிள்ளைகள் யாராவது வந்தால் இங்கேயே கேளுங்கள். அந்த ஃபார்ம் எல்லாம் நாங்களே போட்டுவிடுகிறோம். சமையல் சைவம்தான், அதை மட்டும் முன்னாலேயே சொல்லிவிடுங்கள்.