புதுப்பிப்பு: க்ளெப் ஹியூமானிடீஸ் பாஸ், எது உதவியது என்று சொல்கிறேன்
க்ளெப் (வகுப்புக்குப் போகாமல் தேர்வு எழுதியே அமெரிக்கக் கல்லூரி கிரெடிட் வாங்கும் முறை) ஹியூமானிடீஸ், அதாவது இலக்கியமும் கலையும் சேர்ந்த தேர்வுக்கு எதைப் படிப்பது என்று முன்பு இங்கே கேட்டிருந்தேனே, எழுதி பாஸ் ஆகிவிட்டேன், பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. 20 முதல் 80 வரையிலான அளவில் 50 வேண்டும், எனக்கு 61. முடித்ததும் திரையிலேயே காட்டிவிட்டது.

கைகொடுத்தது "கதைச் சுருக்கத்தை மனப்பாடம் பண்ணாதீங்க, காலகட்டத்தைப் பிடிங்க" என்ற யோசனைதான். பரோக், ரொமான்டிசம், இம்ப்ரெஷனிசம் என ஒரே தாளில் வரிசையாக எழுதி, எதிரே ஓவியர், இசையமைப்பாளர், எழுத்தாளர் பெயர்களைப் போட்டுக்கொண்டேன். தேர்வில் பாதி இலக்கியம், பாதி கலை என்பதால் அந்தத் தாள் இரண்டுக்குமே போதும். மாடர்ன் ஸ்டேட்ஸ் என்ற தொண்டு நிறுவனத்தின் இலவச ஆன்லைன் பாடத்தை முடித்து வவுச்சர் வாங்கியதில் தேர்வுக் கட்டணமும் மிச்சம்.

எதிர்பார்க்காதது நடனமும் சினிமாவும். இரண்டையும் நான் தொடவே இல்லை, ஆனால் கேள்வி வந்தது. கட்டடக்கலை வெறும் 5 சதவீதம்தான், தூண் வகைகளோடு ரொம்ப மல்லுக்கட்ட வேண்டாம். 90 நிமிடத்தில் 140 கேள்வி, தப்புக்கு மைனஸ் கிடையாது, அதனால் தெரியாவிட்டாலும் எதையாவது குறித்துவிடுங்கள். அப்புறம், பணம் கட்டும் முன் உங்கள் கல்லூரி இந்த கிரெடிட்டை ஏற்குமா என்று கேட்டுக்கொள்ளுங்கள், சில இடங்களில் 50க்கு மேலும் கேட்கிறார்கள்.