ரெஸ்_குவெரி சில டொமைன்களுக்கு மட்டும் -1 தருகிறது, வந்த பைட்டுகளும் விளங்கவில்லை

வழுக்கையாறு எழுதியது:

வணக்கம். கொக்குவிலில் இருந்து எழுதுகிறேன். மாமா பனங்கட்டி, ஒடியல் மா, மிளகாய்த்தூள் எல்லாம் பொதி பண்ணி வெளிநாட்டுக்கு அனுப்புகிறவர். கனடா, லண்டன் வாடிக்கையாளர்களின் மெயில் முகவரிகள் பெரிய பட்டியலாகக் கிடக்கின்றன, அதில் பாதி பழசு. அனுப்ப முதல், @ குறிக்குப் பின்னால் இருக்கிற டொமைன் மெயில் வாங்குமா என்று பார்க்க லினக்ஸில் ஒரு சி புரோகிராம் எழுதுகிறேன். டிஎன்எஸ்ஸிடம் (டொமைன் பெயர்களின் விபரம் தருகிற சேவை) கேட்கும் ரெஸ்_குவெரி என்ற ஃபங்ஷனால் எம்எக்ஸ் பதிவை, அதாவது அந்த டொமைனுக்கு மெயில் வாங்குகிற சேர்வரின் பெயரை, கேட்கிறேன். கடையின் மெயில் ஸ்பாமுக்குப் போகிறது என்பதால் எங்கள் எஸ்பிஎஃப் வரியையும் (எங்கள் பெயரில் மெயில் அனுப்ப எந்தச் சேர்வருக்கு அனுமதி என்று சொல்வது), ஒப்பிட்டுப் பார்க்கப் பெரிய கம்பனிகளுடையதையும் டிஎக்ஸ்டி என்ற எழுத்துப் பதிவில் இருந்து எடுக்கிறேன்.

எம்எக்ஸ் பெரும்பாலும் வருகிறது. பெரிய கம்பனிகளின் டிஎக்ஸ்டி கேட்டால் வீட்டில் -1, அதே புரோகிராம் மானிப்பாயில் நண்பன் வீட்டில் ஓடுகிறது. பிழை எண் இருக்கிற எர்னோவைப் பார்த்தால் சம்பந்தமே இல்லாத செய்தி. இன்னொன்று, எம்எக்ஸ் பதிலில் ஒரு பதிவின் பைட்டுகள் 0, 10, 4, பிறகு பெயரின் நாலு எழுத்து, பிறகு 192, 12 என்று முடிந்துவிடுகின்றன. மிச்சப் பெயர் எங்கே? நீளமான எஸ்பிஎஃப் வரியின் நடுவிலும் ஒரு விசித்திரமான எழுத்து வருகிறது.

சங்குப்பிட்டி எழுதியது:

தம்பி, முதலில் எர்னோவை விடுங்கோ. இந்தக் குடும்பத்து ஃபங்ஷன்கள் காரணத்தை எச்_எர்னோ என்ற வேறு மாறியில்தான் வைக்கும், அதற்கு எச்ஸ்ட்ரெரர் போட்டால் வாசிக்கக்கூடிய செய்தி வரும். அதில் நாலு விதம் இருக்கிறது, நாலையும் ஒரே மாதிரி நடத்தினால் மாமாவின் நல்ல வாடிக்கையாளர்களைத்தான் பட்டியலில் இருந்து வெட்டுவீர்கள். ஹோஸ்ட்_நாட்_ஃபவுண்ட் என்றால் அப்படி ஒரு பெயரே இல்லை, தாராளமாக நீக்கலாம். நோ_டேட்டா என்றால் பெயர் இருக்கிறது, நீங்கள் கேட்ட வகைப் பதிவு இல்லை. எம்எக்ஸ் இல்லாத டொமைனுக்கு அதன் ஏ அல்லது ஏஏஏஏ பதிவில் உள்ள ஐபி முகவரிக்கே மெயிலைக் கொடுக்க வேண்டும் என்பது மெயில் அனுப்பும் நெறிமுறையான எஸ்எம்டிபியின் விதி, ஆகவே அதையும் கேட்டுப் பார்க்காமல் நீக்கக்கூடாது. ட்ரை_அகெய்ன் என்றால் இப்போதைக்குப் பதில் கிடைக்கவில்லை, அவ்வளவுதான். அதை வைத்து எந்த முடிவும் எடுக்காதீர்கள், தனிக் கோப்பில் எழுதிவைத்துப் பிறகு கேளுங்கள். நோ_ரெக்கவரி என்றால் திருத்த முடியாத பிழை, அதையும் அந்தக் கோப்பிலேயே போடுங்கள், ஆனால் அது திரும்பத் திரும்ப வந்தால் கையால் பாருங்கள்.

உங்கள் வீட்டில் வருவது ட்ரை_அகெய்னாகத்தான் இருக்க வேண்டும். 1987இல் வந்த ஆர்எஃப்சி 1035 என்ற இணைய நியம ஆவணம், யுடிபியில் (இணைப்பு ஏற்படுத்தாமல் அனுப்பும் முறை) போகும் டிஎன்எஸ் செய்திக்கு 512 பைட் என்று எல்லை வைத்தது. பதில் அதற்கு மேல் போனால் சேர்வர் வெட்டி, டிசி என்ற ஒரு பிட்டைப் போட்டு அனுப்பும், உடனே லைப்ரரி அதே கேள்வியை டிசிபியில் (முதலில் இணைப்பு ஏற்படுத்தி அனுப்பும் முறை) திரும்பக் கேட்கும். பெரிய கம்பனிகளின் டிஎக்ஸ்டி 512ஐச் சாதாரணமாகத் தாண்டும். வீட்டு றவுட்டர் டிஎன்எஸ்ஸுக்கான டிசிபி 53ஆம் போர்ட்டில் பதில் சொல்லாவிட்டால் கதை அங்கேயே நிற்கும். டிஎன்எஸ் கேள்வி கேட்கும் டிக் கட்டளையில் டிசிபியைக் கட்டாயப்படுத்தி வீட்டில் ஒருக்கால் கேட்டுப் பாருங்கோ, தெரிந்துவிடும். எந்த டிஎன்எஸ் சேர்வரைக் கேட்பது என்று சொல்லும் ரிசால்வ்.கான்ஃப் கோப்பில், பெரிய பதிலை அனுமதிக்கிற இடிஎன்எஸ்0 தெரிவைப் போட்டால் லினக்ஸின் சி லைப்ரரியான ஜிலிப்சி 1200 பைட் வரை யுடிபியிலேயே வாங்கும், கொஞ்சம் தப்பலாம். ஆனால் அதையும் தாண்டுகிற பதிலுக்கு டிசிபி வேண்டும்தான்.

பனங்கூடல் எழுதியது:

அந்த 192, 12 குப்பை இல்லை, அதுதான் இந்த நெறிமுறையில் எனக்குப் பிடித்த இடம். பெயர்கள் துண்டு துண்டாக எழுதப்படுகின்றன: நீளம், எழுத்துகள், நீளம், எழுத்துகள், கடைசியில் 0. ஒரு துண்டு 63 பைட்டுக்கு மேல் போகாது என்பதால் நீள பைட்டின் மேல் இரண்டு பிட்டும் எப்போதும் 0. அந்த இரண்டும் 1 ஆக இருந்தால், அதாவது 192 அல்லது அதற்கு மேல் என்றால், அது நீளமே இல்லை. "மிச்சப் பெயர் செய்தியின் இன்ன பைட்டில் இருக்கிறது, அங்கே போய் வாசி" என்று பொருள். மீதி 14 பிட்டில் இடம் இருக்கும், உங்களுக்கு 12. செய்தியின் தலைப்பு (ஹெடர்) சரியாக 12 பைட், எண்ணுவது 0இல் இருந்து, ஆக 12ஆவது இடத்தில் தொடங்குவது நீங்கள் கேட்ட டொமைன் பெயரேதான். முதல் 0, 10 முன்னுரிமை எண். 4 என்பது துண்டின் நீளம்.

இதைக் கையால் அவிழ்க்க மினக்கெட வேண்டாம். தன்னையே சுட்டுகிற பெயரை யாராவது வேண்டுமென்று அனுப்பினால் உங்கள் லூப் முடியவே முடியாது. என்எஸ்_இனிட்பார்ஸ், என்எஸ்_பார்ஸ்ஆர்ஆர் இரண்டாலும் பதிவை எடுங்கள், முன்னுரிமைக்கான 2 பைட்டைத் தாண்டியதும் டிஎன்_எக்ஸ்பாண்டிடம் கொடுங்கள். அதற்குப் பதிவை மட்டும் கொடுத்தால் போதாது, முழுச் செய்தியின் தொடக்கமும் முடிவும் வேண்டும், ஏனென்றால் அது பின்னால் போய் வாசிக்க வேண்டும். முன்னுரிமை 0, பெயர் வெறுமையாக வந்தால் ஆர்எஃப்சி 7505 சொல்கிற வெற்று எம்எக்ஸ்: எங்களுக்கு மெயில் வேண்டாம் என்று அந்த டொமைனே சொல்கிறது. அதை நீக்குங்கள்.

எஸ்பிஎஃப் நடுவில் வருகிற எழுத்தும் நீள பைட்தான். டிஎக்ஸ்டியில் ஒரு சரம் 255 பைட்டுக்கு மேல் இருக்க முடியாது, நீளமான வரி பல சரமாக வரும். ஒவ்வொன்றின் முதல் பைட்டை எடுத்துவிட்டு, இடைவெளி விடாமல் ஒட்டுங்கள். பஃபரை 65,535 பைட்டாக வையுங்கள், டிசிபியில் அதற்கு மேல் வராது. திரும்பி வந்த நீளம் பஃபரை மிஞ்சவில்லை என்று பார்த்த பிறகே பார்ஸ் பண்ணுங்கள். 2015-7547 என்ற எண்ணில் பதிவான ஜிலிப்சி ஓட்டை இதே பகுதியில்தான் இருந்தது, பெயருக்கு முகவரி தேடும் கெட்அட்ரின்ஃபோ ஃபங்ஷனுக்குள் 2,048 பைட்டுக்கு மேலான பதில் ஸ்டாக்கை மீறி எழுதியது.

வழுக்கையாறு எழுதியது:

இருவருக்கும் நன்றி. ஓம், டிசிபியில் கேட்டால் வீட்டில் தொங்கிக்கொண்டு நிற்கிறது, நண்பன் வீட்டில் உடனே பதில். றவுட்டரை விட்டுவிட்டு ரிசால்வ்.கான்ஃபில் 9.9.9.9 என்ற பொது டிஎன்எஸ் சேர்வரைப் போட்டேன், டிஎக்ஸ்டி முழுதாக வருகிறது. இன்னும் இரண்டு விஷயம். செத்த டொமைன்களில் ஒவ்வொன்றுக்கும் நிறைய நேரம் எடுக்கிறது. பட்டியலில் .இலங்கை என்று முடிகிற முகவரிகளும் சில உண்டு, அவை எல்லாமே இல்லை என்றே வருகின்றன.

சங்குப்பிட்டி எழுதியது:

பதிலே வராவிட்டால் 5 செக்கன் காத்திருந்து மறுபடி ஒருமுறை கேட்பதுதான் வழக்கமான அமைப்பு, ஒரு சேர்வர் என்றால் 10 செக்கன் போய்விடும். ரெஸ்_இனிட் கூப்பிட்ட பிறகு _ரெஸ் என்ற அமைப்பில் காத்திருக்கும் செக்கனான ரெட்ரான்ஸை 2 ஆக்குங்கள். கெதியாக முடிய வேண்டுமென்றால் சி-ஏரெஸ் லைப்ரரிக்கு மாறுங்கள், அது ஒன்றுக்காகக் காத்திராமல் பல கேள்விகளை ஒன்றாக அனுப்பும். ரெஸ்_சேர்ச்சைத் தொட வேண்டாம், அது உங்கள் உள்ளூர் டொமைனையும் பின்னால் ஒட்டிக் கேட்டு வீணாக்கும்.

.இலங்கை உண்மையான பெயர்தான், 2010இல் இருந்து டிஎன்எஸ்ஸின் உச்சிப் பட்டியலான ரூட்டில் இருக்கிறது. ஆனால் ரெஸ்_குவெரி நீங்கள் கொடுத்த யுடிஎஃப்-8 பைட்டுகளை அப்படியே அனுப்பிவிடும், ரூட்டில் பதிவாகியிருப்பதோ எக்ஸ்என் என்று தொடங்கும் ஆஸ்கி வடிவம். லிப்ஐடிஎன்2 லைப்ரரியில் ஐடிஎன்2_லுக்அப்_யு8 என்ற ஃபங்ஷன் இருக்கிறது, பெயரை அதில் மாற்றிவிட்டுக் கேளுங்கள். அந்த முகவரிகளில் @ குறிக்கு முன்னாலும் தமிழ் இருந்தால், அதை டிஎன்எஸ்ஸால் பார்க்க முடியாது. எம்எக்ஸில் வந்த சேர்வருடன் இணைத்து ஈஹெச்எல்ஓ என்ற வணக்கக் கட்டளையைச் சொல்லி, இப்படியான முகவரியை ஏற்பேன் என்று பொருள்படும் எஸ்எம்டிபியுடிஎஃப்8 என்ற வரி திரும்பி வருகிறதா என்று பாருங்கோ.